பஞ்சுக்குச் சொன்ன எண்

திருத்தணி
10.6.2024

தேவி,

'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அடித்தல் உள்ள தாளைக் கடைக்கார மனோரமா அக்கா கிழித்துப் போட்டுவிடுவார். இது வேறு தாள்.

நீ பதினாறு முறை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை. இப்போது உன் எண்ணைத் தடுத்தும் வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் அழுவேன், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். வைத்த பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி எதுவும் மிஞ்சாது. தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எட்டு வருடமாக ஊராருக்கு மனு எழுதித் தருகிறேன். வாயால் சொன்னது எந்த மேசையிலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். அதனால் தாளில் கேட்கிறேன். நீயும் தாளில் சொல்.

நடந்ததை உன் அண்ணன் சொல்லிக் கேட்டிருப்பாய். நான் சொல்வதையும் கேள்.

மே 24, வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. திருவாலங்காட்டில் உங்கள் கரும்புக் கொல்லை ஓரம், உன் அண்ணன் சக்திவேல் போட்ட இரும்புச் சூளை. வெட்டிய கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, கொல்லையில் கொளுத்தாமல், சூளைக்குள் அடைத்து, அடியில் நெருப்பு மூட்டி, வறுத்துக் கரியாக்கும் வேலை. பிப்ரவரியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அன்று சோகையைக் கிளறிவிடக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து தீ ஆள் உயரத்துக்கு வெளியே பாய்ந்தது. இரண்டு கையும் முழங்கை வரை, கழுத்து, இடது கன்னம். சென்னையில் தீக்காய வார்டில் பதினெட்டாவது நாளாகப் படுத்திருக்கிறார். நான் ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. கனிமொழியை மனோரமா அக்கா பார்த்துக்கொள்கிறார்.

கதவின் பக்கத்துத் தகரத்தில், சிவப்புப் பெயின்டில், உன் கையெழுத்தில் இருப்பது இது: "மீட்டரில் 280 டிகிரிக்குள் இருக்கும்வரை கதவைத் திறக்கலாம்." பொங்கலுக்கு வந்தபோது நீ எழுதினாய். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவர் கதவைத் திறந்த அன்று மீட்டர் முள் 240இல் இருந்தது. பக்கத்தில் சோகை சுமந்துகொண்டிருந்த ரத்தினம்மாள் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, கண்ணால் பார்த்திருக்கிறார்.

உன் அண்ணன் ஊரெல்லாம், போலீசிலும்கூட, "குடிச்சிட்டு வந்து தொறந்துட்டான்" என்று சொல்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "நான்தான் அவசரப்பட்டுட்டன் போலகீது அனுசு." மருந்து கட்டும்போதெல்லாம் அதையே சொல்கிறார்.

நீ செல்லுலோஸ் படிக்கிறவள். செடிகொடி சூட்டில் எப்படிச் சிதைகிறது என்றுதானே நாலு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாய். ஒரே கேள்வி. 240இல் அந்தக் கதவைத் திறக்கலாமா, கூடாதா?

அனுசுயா


குவாஹாட்டி
20.6.2024

அன்புள்ள அனு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே விடாமல் மழை. ஹாஸ்டல் வாசலில் தண்ணீர் நிற்கிறது.

வேடியப்பன் அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? விரல்களை மடக்க முடிகிறதா? டாக்டர் என்ன சொல்கிறார்? இதையெல்லாம் கேட்கத்தான் போன் செய்தேன், நம்பு.

உன் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. தட்டிக்கழிப்பதாக நினைக்காதே. செல்லுலோஸ் என்பது நீண்ட சங்கிலி போன்ற பொருள். அந்தச் சங்கிலிகள் நெருக்கமாக, வரிசையாக அடுக்கியிருந்தால் சூட்டைத் தாங்கும். அடுக்குக் குலைந்து தாறுமாறாக இருந்தால் சீக்கிரம் சிதையும். சிதையும்போது எரியக்கூடிய ஆவி வெளியேறும். எந்தச் சூட்டில் வெளியேறத் தொடங்கும் என்பது பொருளைப் பொறுத்தது, ஈரத்தைப் பொறுத்தது, எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதையும் பொறுத்தது.

மீட்டரின் உணர்கம்பி சூளையின் நடுவில் இருந்ததா, கதவருகே இருந்ததா? கதவருகே என்றால் 240 காட்டியபோது அடியில் 300 இருந்திருக்கலாம். கத்திரி வெயிலில் சோகை மிகவும் காய்ந்திருக்கலாம். அல்லது அந்த எண்ணிலேயே ஏதாவது பிழை நேர்ந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு உதவி செய். அதே கொல்லையின் சோகை ஒரு கைப்பிடி, வெட்டாமல், கழுவாமல், பார்சலில் அனுப்பு. இங்கே ஒரு கருவி இருக்கிறது. சிறு துண்டை வைத்துச் சூடேற்றினால், எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வேடியப்பன் அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன்
தேவி


திருத்தணி
29.6.2024

தேவி,

"பிழை நேர்ந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். யார் செய்தது என்று இல்லாத மனுவை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள். நிலத்தின் எல்லைக்கல் தானாக நகர்ந்ததாக ஒருவர் எழுதச் சொன்னார் ஒரு முறை. அவரை மனோரமா அக்கா எழுந்து போகச் சொன்னார்.

சோகை கேட்டாய். நேற்று நானே போய் எடுத்தேன். இத்துடன் பிரட் கவரில் இருக்கிறது. உங்கள் கொல்லைக்கு நான் போனதை உன் தகப்பனார் கண்ணையன் நைனா பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். கண்ணையன் வீட்டுக் கொல்லையில் எங்கள் மாமனார் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர் எங்களைப் பார்த்து முகம் திருப்பியது இதுதான் முதல் தடவை.

அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். தகரத்தில் உன் எழுத்து இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறது. வெயிலில் உன் சிவப்பு உரிந்ததால் அடித்தார்களா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் ஒட்டியது. அவ்வளவு புதிது.

சூளையைப் பழுது பார்த்துவிட்டார்கள். கதவுக்குப் புதுக் கீல். ஆடிக் கிருத்திகை முடிந்ததும் மறுபடி மூட்டப் போகிறார்கள். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் தெரியுமா? ரத்தினம்மாள் அண்ணி. தம்பி படுத்துவிட்டான், வீட்டில் யாராவது ஒருவர் அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். "உனுக்கு அவங்க மேல கோவம். அதுக்கு என் வேலைய ஏன் கெடுக்கற? கதவு தொறக்க எனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். உன் அண்ணன் அவரிடம் புதுக் கட்டளை போட்டிருக்கிறாராம்: "280 வரைக்கும் போவ வேணாம். 250 தாண்டறதுக்குள்ள தொறந்து கிளறிடு."

முப்பது டிகிரி குறைத்துவிட்டாராம். ஜாக்கிரதையாக இருக்கிறாராம்.

அவருக்கு விரல் மடங்குகிறதா என்று கேட்டாய். இடது கையில் இரண்டு விரல். வலது கையில் கட்டு பிரிக்கும்போது நான் வெளியே போய்விடுகிறேன். மீட்டர் கம்பி சூளையின் நடுவில்தான் இருக்கிறது. நடுவில் வைக்கச் சொன்னதும் நீதான்.

இராத்திரி பகல் எனக்குத் தூக்கம் இல்லை. கிருத்திகைக்கு இன்னும் முப்பது நாள்.

அனுசுயா


குவாஹாட்டி
9.7.2024

அனு,

கூடாது.

முதல் கடிதத்திலேயே இந்த ஒரு சொல்லை எழுதியிருக்க வேண்டும். 240இல் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. 200இலும் கூடாது. நீ அனுப்பிய சோகையை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 205, 210 அளவிலேயே சிதையத் தொடங்குகிறது. 240இல் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எங்கே போயிற்று? ஆவியாக. சூளைக்குள் அந்த ஆவி நிறைந்து நிற்கும்போது காற்றுப் புக முடியாததால் அது எரியாது. கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகும். அடியில் நெருப்பு தயாராக இருக்கிறது. அவ்வளவுதான் தேவை.

அப்படியானால் 280 எங்கிருந்து வந்தது? அதை எழுதத்தான் நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நான் இங்கே சோதித்தது பஞ்சு. சுத்தம் செய்து, உப்பெல்லாம் நீக்கி, பொடியாக்கிய பஞ்சின் செல்லுலோஸ். அதில் சங்கிலிகள் நெருக்கிக் கட்டிய பூச்சரம் மாதிரி அடுக்கியிருக்கும். இடையில் விரல் போகாது. அது 300 வரை அசையாமல் நிற்கும். நான் நூறு முறைக்கு மேல் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குச் சக்தி அண்ணன், "எத்தினி டிகிரி வரைக்கும் பயமில்ல, சொல்லு" என்று கேட்டபோது அந்தக் கோடுதான் கண்ணில் நின்றது. இருபது கழித்து 280 என்றேன். கழித்ததில் எனக்குப் பெருமை வேறு.

சோகை பஞ்சு இல்லை, அனு. இலையில் செல்லுலோஸ் பாதிகூட இல்லை. இருப்பதும் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியதல்ல. அதைச் சுற்றி, கிளை கிளையாகப் பிரிந்த வேறொரு பொருள் இருக்கிறது. அதற்கு அடுக்கே கிடையாது. உதிர்ந்த பூவைப் பையில் போட்டது மாதிரி. சூடு பட்டதும் முதலில் சிதைவது அதுதான். போதாததற்கு இலையில் சாம்பல் உப்பு உண்டு. அது சிதைவை இன்னும் முன்னால் இழுக்கும். ஒரு பங்கு சோகையை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கிவிட்டு வைத்துப் பார்த்தேன். இருபது டிகிரிக்கு மேல் தள்ளிப்போய்த் தொடங்கியது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. முதல் வருடப் பாடம். கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், என் கையில் இருந்த எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் வரை ஒன்றும் நடக்காததற்குக் காரணம், பனியில் நனைந்த சோகை மெதுவாகச் சூடேறியது. வேடியப்பன் அண்ணன் 160, 170இலேயே திறந்து கிளறியிருப்பார். மே மாதச் சோகை காய்ந்து கிடந்தது. முள் வேகமாக ஏறியது. அவர் தகரத்தைப் பார்த்தார், திறந்தார்.

சக்தி அண்ணனுக்குப் போன் செய்தேன். சொன்னேன். "தே பாரு, போலீஸ் விசாரணை ஓடிகினு கீது. நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வெக்காத. யாரு எழுதின நம்பருன்னு கேட்டா இன்னா சொல்லுவ? உன்னக் காப்பாத்தத்தான் தகரத்துக்குப் பெயின்ட் அடிச்சேன்" என்றான். என்னைக் காப்பாற்ற. போனை வைத்துவிட்டேன். நைனாவுக்கும் போட்டேன். "அண்ணன் பாத்துக்குவான், நீ படிப்பப் பாரு" என்றார்.

அனு, நான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கொஞ்சம் நாள் கொடு. அக்டோபரில் என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் படிப்பவள் சொன்ன எண்ணால் ஒரு ஆள் வெந்தார் என்றால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊருக்கு வரவும் பயமாக இருக்கிறது. வேடியப்பன் அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ரத்தினம்மாள் அக்காவை மட்டும் சூளைப் பக்கம் விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். மூட்டிய பிறகு முழுக்க ஆறும்வரை கதவைத் தொடவே கூடாது. ஆவி போக மேலே தனிக் குழாய் வேண்டும்.

தே


திருத்தணி
17.7.2024

தேவி,

உன் கடிதத்தை வார்டில் உட்கார்ந்து படித்தேன். அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் இதைக் கேள். திரும்பி வந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் அண்ணனிடம் போனேன். சூளையின் புகைபோக்கிக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதுல பேரு எங்க கீது?"

"தேவி எழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

"எழுத்த யாரு வோணா எழுதலாம். நீ மனு எழுதறவ. உனுக்கு எல்லார் கையெழுத்தும் வரும். 'தே'ன்னு ஒரு எழுத்து கீது. தேவியா, தேவகியா, தேங்காயா?"

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அதில் ரத்தினம்மாள் அண்ணியும் ஒருத்தி.

அவர் சொன்னது எனக்குக் கொதித்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவர் கேட்டது சரி. நீ பெயரை எழுதவில்லை. எட்டு வருடத்தில் இந்த மாதிரிக் கையெழுத்தை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் வைக்கும்போது பாதி விரலை மட்டும் அழுத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று மனசு ஒரு பக்கம் இழுக்கிறது, அதனால் பாதி.

அவருக்கு ஏன் படித்துக் காட்டவில்லை என்றால் இதற்காகத்தான். "தேவி பாப்பா தப்பா சொல்லாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம் பெயரில்லாத தாளை எப்படிக் காட்டுவேன்?

உன் படிப்பு பெரிதுதான். நீ ப்ளஸ் டூ முடித்து ரயில் ஏறியபோது பிளாட்பாரத்தில் உன்னைவிட அதிகம் அழுதவள் நான். அது கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அக்டோபர் வரை சூளை காத்திருக்காது. போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே. அதையும் நானே செய்தது என்பார்கள். ஆபீசிலும் மூலம் கேட்பார்கள். பேனாவால் எழுதிய தாள் வேண்டும். முழுப் பெயர், தகப்பன் பெயர், விலாசம், தேதி, கையெழுத்து. விசாரணை செய்கிற தொழிலாளர் ஆய்வாளருக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் பிரதியைக் கடை விலாசத்துக்கு அனுப்பு.

கிருத்திகை 29ஆம் தேதி. வரிசையில் நிற்பவர்களின் பெயரைத் தப்பாக எழுதுகிறேன். காலையில் ஒரு கிழவருக்கு வாரிசுச் சான்று மனுவில் அவர் பெயருக்குப் பதில் வேடியப்பன் என்று எழுதிவிட்டேன். எழுதிவிட்டு வெளியே ஓடிப்போய் நின்றேன்.

அனுசுயா


குவாஹாட்டி
22.7.2024

அனு,

உன் கடிதம் காலையில் வந்தது. மதியம் எழுதி முடித்தேன். மூன்று தாளும் ஸ்பீட் போஸ்டில் போகின்றன. உன் பிரதி இத்துடன் இருக்கிறது.

எழுதும் முன் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நிலையத்தின் பெயரைப் போடாதே என்பார் என்று நினைத்தேன். "எண்ணைக் கேட்டவர் என்ன பொருளுக்குக் கேட்டார் என்று நீ கேட்டாயா?" என்றார். இல்லை என்றேன். "அதையும் எழுது" என்றார். எழுதியிருக்கிறேன். ஆய்வேடு தள்ளிப்போகும். எவ்வளவு நாள் என்று தெரியாது.

அண்ணனுக்கு மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. உன் கடைக்குப் போட்டேன். மனோரமா அக்கா எடுத்தார். நீ சென்னையில் என்றார். "தாளை அனுப்பு, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.

தபால் ஐந்து நாளில் சேரும் என்றார்கள். வழியில் வெள்ளம் என்றால் எனக்குத் தெரியாது. ரயில் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேவிப்பிரியா


திருத்தணி
6.8.2024

அன்புள்ள தேவி,

இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் தபால் 27ஆம் தேதி, சனிக்கிழமை, பதினோரு மணிக்கு வந்தது. காவடிக்காரர்கள் அதற்குள்ளாகவே வரத் தொடங்கிவிட்டார்கள். கடை முன்னால் கால் வைக்க இடமில்லை. தபால்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து கையை நீட்டிக் கொடுத்தார். பிரித்துப் படித்துக்கொண்டிருந்தபோது, திருவாலங்காட்டிலிருந்து பட்டா நகல் எடுக்க வந்த ஒரு அம்மாள், "உங்க அண்ணி காலையிலேயே சூளைய மூட்டிட்டாங்களே, நீ போவலியா?" என்று கேட்டார்.

கிருத்திகை முடிந்துதானே என்று நினைத்திருந்தேன். கிருத்திகைக்கு ஆட்கள் மலைக்குப் போய்விடுவார்கள் என்று முன்னாலேயே மூட்டிவிட்டார்கள். மனோரமா அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். கூட்டத்தைத் தாண்டி ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு உன் கவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

போனபோது மீட்டர் முள் 225. அண்ணி கையில் கம்பி. கதவுக்கு இரண்டடி தள்ளி நிற்கிறார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். முதுகில் அனல் சுட்டது.

"தள்ளு அனுசு. மேல ஏறிகினு போவுது. 250க்குள்ள கிளறணும்."

"அண்ணி, தொறக்காதீங்க. இந்தத் தாளப் படிக்கிறேன், கேளுங்க."

"எனுக்கு எதுக்குத் தாளு? தள்ளும்மா!"

உன் அண்ணன் ஓடி வந்தார். "மறுபடியும் ஆரமிச்சிட்டியா? என் தங்கச்சி அங்க குந்திகினு எதையோ எழுதுவா. வேலை செய்யறவனுக்குத் தெரியாதா?"

"இதுல முழுப் பேரு இருக்கு. படிங்க."

வாங்கவில்லை. முள் 230. வாங்கியது உன் நைனா. எப்போது வந்து நின்றாரோ தெரியாது. கண்ணாடி இல்லாததால் தாளைத் தூரத்தில் பிடித்து, வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "தேவிப்பிரியா, தகப்பன் பெயர் கண்ணையன், திருவாலங்காடு." அங்கே நிறுத்தினார். அந்த வரியை மறுபடி படித்தார்.

"என் பேரையும் போட்டுகீறா."

"நைனா, அது ஒண்ணுமில்ல..."

"ஒண்ணுமில்லாததுக்கா என் பேரப் போட்டு சர்க்காருக்கு எழுதுவா? 'வேடியப்பன் தவறு செய்யவில்லை. தவறான எண்ணைக் கொடுத்தவள் நான்'னு போட்டுகீது. உன் கண்ணுக்குத் தெரியலியா சக்தி? நெருப்ப இழு. அடியில இருக்கிற கட்டையெல்லாம் வெளிய இழு."

உன் அண்ணன் அசையவில்லை. எழுபது வயதில் உன் நைனா குனிந்து கொக்கியை எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் உன் அண்ணன் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எரிந்த கட்டைகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். முள் அதற்குப் பிறகும் ஏறியது. 240, 245. 247இல் நின்று, மெதுவாக இறங்க ஆரம்பித்தது. நான் அப்போதுதான் மண்ணில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை, ஆறிய பிறகு, கதவைத் திறந்தார்கள். பாதி வெந்த சோகை பழுப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை. ரத்தினம்மாள் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே ஆவலியே, இதுக்கா அவ்ளோ கூத்து?" என்றார். நடக்காத ஒன்றை நான் எப்படிக் காட்டுவேன் தேவி? இன்றைக்கும் அண்ணி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர் இரண்டு கையாலும் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகப் போகிறார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசாவிட்டால் போகட்டும்.

ஆய்வாளர் வியாழக்கிழமை வந்தார். சூளைக்குப் பூட்டுப் போட்டார். பச்சைப் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய சீட்டில் குடித்த அறிகுறி இல்லை என்றே இருக்கிறது. அதையும் உன் தாளையும் சேர்த்து வைத்துக்கொண்டு உன் அண்ணனிடம் கேட்டார். அவர், "கோவத்துல சொல்லிட்டன்" என்றார். அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். உன்னை நேரில் விசாரிக்க 22ஆம் தேதி போட்டிருக்கிறது. சம்மன் உனக்கும் வரும்.

என் வீட்டுக்காரர் ஒன்றாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் உன் தாளைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை, "அந்த ஒரு வரிய மட்டும் படி" என்றார். படித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கி நான் நின்னன் அனுசு. தகரத்தப் பாத்தன். முள்ளப் பாத்தன். அப்புறம்தான் தொறந்தன். ரெண்டு மாசமா எல்லாரும் அவசரப்பட்டன்னு சொல்லிகினே இருந்தாங்களா, நெசமாலுமே நின்னனா இல்லியான்னு எனுக்கே சந்தேகம் வந்துட்டுது."

அதைச் சொன்னபோது அழுதார். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளில் அவர் அழுது நான் பார்க்கவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் என்ன எழுதுவது என்று தெரியாது. காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடும்போது வருகிறது. உன் தாளை எடுத்துப் பார்க்கும்போது வரவில்லை. இரண்டும் இருக்கிறது. உன் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போனில் வேண்டாம், நேரில் வா. விசாரணைக்கு முதல் நாளே வந்துவிடு. உங்கள் வீட்டில் உன் அண்ணன் என்ன சொல்வாரோ. எங்கள் வீட்டில் தங்கு.

அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாய். அவர் உன்னிடம் என்ன கேட்பாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வா. கனிமொழி முதல் இரண்டு நாள் அவர் கிட்டவே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்போது அவள்தான் இட்லியைப் பிட்டு அவருக்கு ஊட்டுகிறாள். நான் ஊட்டினால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.

அனுசுயா